உள்ளே இருப்பவருக்கு வெளியிலிருந்து உதவுவது: டர்பன் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பக்கம் யாராவது கைதானால், கோவில் வாசலிலும் வாட்ஸ்அப் குரல் செய்தியிலும் என்னிடம் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்பவர்களில் பாதிப் பேர் இங்கேயே பிறந்த குடும்பங்களின் பெரியவர்கள். மீதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கடை வேலைக்கும் சமையலுக்கும் கோவில் வேலைக்கும் வந்தவர்கள். நான் வக்கீல் இல்லை. இது தென்னாப்பிரிக்கச் சட்டப்படி உள்ள விஷயம். "எங்க ஊர்ல இப்படித்தானே" என்ற எண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள்.

நேத்து ராத்திரி தம்பியைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. எங்கே இருக்கான்னே தெரியல. முதல்ல என்ன செய்யணும்?

கைது நடந்த இடம் எந்த போலீஸ் ஸ்டேஷனுக்குக் கீழே வருகிறதோ, அங்கே நேரில் போங்கள். சார்ஜ் ஆபீஸில், அதாவது ஸ்டேஷனின் முன்பக்கக் கவுண்டரில், அவருடைய முழுப்பெயர், பிறந்த தேதி இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். நம் பெயர்களை அங்கே நாலு விதமாக எழுதுவார்கள். அப்பா பெயர் குடும்பப் பெயராகவும் சொந்தப் பெயர் முன்னாலும் பின்னாலும் மாறிக் கிடக்கும். அதனால் அடையாள அட்டையிலோ பாஸ்போர்ட்டிலோ இருக்கும் எழுத்தைக் காட்டித்தான் தேடச் சொல்ல வேண்டும். அங்கே இல்லை என்றால் பக்கத்து ஸ்டேஷன்களில் கேளுங்கள். செல் நிரம்பியிருந்தால் வேறு இடத்தில் வைப்பதுண்டு.

மூன்று விஷயங்களை எழுதி வாங்காமல் திரும்பாதீர்கள்: கேஸ் நம்பர், விசாரிக்கும் அதிகாரியின் பெயரும் ஃபோன் நம்பரும், எந்தக் கோர்ட்டுக்கு என்றைக்குக் கொண்டுபோவார்கள் என்பது. முதல் நாளில் வக்கீலுக்கு ஓடுவதைவிட இந்த மூன்றும்தான் வேலைக்கு ஆகும். இவை இல்லாமல் ஃபோன் செய்தால் வக்கீலும் இதைத்தான் முதலில் கேட்பார்.

48 மணி நேரத்துல கோர்ட்டுக்குக் கொண்டு போகணும்னு சொல்றாங்களே. மூணு நாள் ஆச்சே, இது சட்டவிரோதம் இல்லையா?

அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவு 48 மணி நேரம் என்றுதான் சொல்கிறது. ஆனால் அந்த நேரம் கோர்ட் இல்லாத வேளையில் முடிந்தால், அடுத்த கோர்ட் நாள் முடிவதற்குள் கொண்டுபோனால் போதும். வெள்ளிக்கிழமை கைதானவர் திங்கள்கிழமைதான் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்ப்பார். ஈஸ்டர் வாரம் இன்னும் மோசம். வியாழன் சாயங்காலம் பிடித்தால் 48 மணி நேரம் சனிக்கிழமை முடியும்; திங்களும் விடுமுறை; ஆக, செவ்வாய்க்கிழமைதான் கோர்ட். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை.

கோர்ட் நாளும் கடந்து போய்விட்டது, இன்னும் செல்லில்தான் இருக்கிறார் என்றால் அது வேறு. அப்போது உடனே வக்கீல் தலையிட வேண்டும்.

ஸ்டேஷனுக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போகலாமா? அம்மா பிரியாணி செஞ்சு வச்சிருக்காங்க.

ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறும். வாங்கிக்கொள்ளும் இடத்திலும் உங்கள் எதிரிலேயே கிளறிப் பார்ப்பார்கள். எலும்பு, கண்ணாடி, உலோகப் பாத்திரம், கொதிக்கும் குழம்பு வேண்டாம். ரொட்டி, பழம் மாதிரி எளிதாகச் சோதிக்கக்கூடியதைக் கொடுங்கள். கிளம்புவதற்கு முன் ஃபோனில் கேட்டுக்கொள்வது நல்லது. சாப்பாட்டைவிட ஒரு சட்டையும் ஸ்வெட்டரும்தான் அதிகம் பயன்படும். இங்கே ஜூலைதான் குளிர்காலம்; அப்போது செல் தரை எப்படிக் குளிரும் என்று படுத்தவர்களுக்குத் தெரியும்.

வக்கீல் வைக்க காசே இல்லை. என்ன பண்றது?

லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்கா என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுகளில் அவர்களுடைய வக்கீல்கள் இருப்பார்கள். இலவச ஆலோசனை எண் 0800 110 110. வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத்தான் தருவார்கள், அதனால் சம்பளச் சீட்டோ வேலை இல்லை என்பதற்கான விவரமோ வைத்திருங்கள். "இலவச வக்கீல் ஒழுங்காகப் பேச மாட்டார்" என்பது நம்மிடையே ஊறிப்போன பேச்சு. அவர்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பது உண்மை. ஆனால் பெயில் விஷயத்தில் தினமும் அதே கோர்ட்டில் நிற்பவர்கள் அவர்கள்தான். கடன் வாங்கித் தனியார் வக்கீல் வைத்துவிட்டு, இரண்டாவது வாய்தாவிலேயே அவருக்குக் கொடுக்கக் காசில்லாமல் நிற்பவர்களை நிறையப் பார்க்கிறேன். கடைசிவரை தாங்குமா என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள்.

கைதானவருக்கு எப்படியாவது சொல்லி அனுப்ப வேண்டியது ஒன்றுதான்: வக்கீலைப் பார்க்கும்வரை வாக்குமூலம் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். பேசாமல் இருப்பது அவருடைய உரிமை.

பெயில் எவ்வளவு ஆகும்? காசு ரெடி பண்ணிட்டா போதுமா?

போதாது. காசைவிட முகவரிதான் முக்கியம். பெயிலில் விட்டால் இவர் திரும்பி வருவாரா, சாட்சியை மிரட்டுவாரா, வேறு குற்றம் செய்வாரா என்பதைத்தான் கோர்ட் பார்க்கிறது. நிலையான முகவரி இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்த முகவரியை விசாரணை அதிகாரி சரிபார்க்க வேண்டும். இங்கேதான் பல குடும்பங்கள் ஒரு வாரத்தை வீணாக்குகின்றன: அதிகாரி வந்தபோது வீட்டில் ஆள் இல்லை, பின்வாசலில் தனியாகக் கட்டிய அறைக்கு (அவுட்பில்டிங்) எண் இல்லை, வாடகை வேறு யார் பெயரிலோ இருக்கிறது. தண்ணீர், கரண்ட் பில்லையோ, வீட்டுக்காரர் எழுதிய கடிதத்தையோ தயாராக வைத்துக்கொண்டு நீங்களே அதிகாரியைக் கூப்பிட்டு, எப்போது வருகிறீர்கள் என்று கேளுங்கள். புகார் கொடுத்தவரும் அதே வீட்டில் இருந்தால் வேறு முகவரி தேட வேண்டும். அத்தை வீடோ நண்பர் வீடோ, அவர்கள் சம்மதத்தோடு.

சின்னக் குற்றங்களுக்குக் கோர்ட்டுக்குப் போகும் முன்பே ஸ்டேஷனிலேயே போலீஸ் பெயில் கொடுக்கலாம். அதற்குக் கொஞ்சம் மேலே உள்ள சிலவற்றுக்கு பிராசிக்யூட்டர் (அரசுத் தரப்பு வக்கீல்) ராத்திரியில்கூடக் கொடுக்க முடியும். கேட்டுப் பாருங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ஐந்தாவது, ஆறாவது அட்டவணைக் குற்றங்கள் என்றால் நிலைமை தலைகீழ்: பெயில் ஏன் தர வேண்டும் என்பதைக் கைதானவரே நிரூபிக்க வேண்டும். ஐந்து லட்சம் ராண்டுக்கு மேற்பட்ட மோசடி ஐந்தில் வரும். திட்டமிட்ட கொலை ஆறில் வரும். விசாரணைக்கு நேரம் வேண்டும் என்று பெயில் மனுவைத் தள்ளிப்போடச் சொன்னால், கோர்ட் ஒரு தடவைக்கு ஏழு நாள்வரைதான் தள்ள முடியும்.

பெயில் காசு அபராதம் இல்லை. எல்லா வாய்தாவுக்கும் வந்து நிபந்தனைகளை மீறாமல் இருந்தால், தீர்ப்பு எப்படி வந்தாலும் கேஸ் முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் கிடைக்கும். ஐந்து பேர் சேர்த்துப் போட்ட காசு என்றால் அதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒரு வாய்தாவைத் தவறவிட்டால் வாரண்டும் வரும், காசும் போகும்.

பெயில் தொகையைக் கட்டவே முடியலை. அதனாலேயே உள்ளே கிடக்க வேண்டியதுதானா?

இல்லை. தொகையைக் குறைக்கச் சொல்லி அதே கோர்ட்டில் கேட்கலாம். பெயிலையே மறுத்திருந்தால் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் உண்டு. புதிய விவரம் கிடைத்தால் கீழ்க் கோர்ட்டிலேயே திரும்பவும் மனு போடலாம். வேலை போய்விடும் என்பதற்கு முதலாளியின் கடிதமும் ஒரு புதிய விவரமாகலாம்.

"ஃபைன் கட்டிட்டா இப்பவே வீட்டுக்குப் போகலாம்"னு ஸ்டேஷன்ல சொல்றாங்க. கட்டிடலாமா?

அவசரப்படாதீர்கள். அது பெயிலா, குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதமா என்று முதலில் கேளுங்கள். இரண்டுக்கும் காசு கொடுக்கிறீர்கள், இரண்டிலும் அன்றைக்கே ஆள் வெளியே வருவார். ஆனால் இரண்டாவது, கோர்ட்டில் நின்று குற்றவாளி என்று தீர்ப்பு வாங்கியதற்குச் சமம். கைரேகையும் எடுத்திருந்தால் பல குற்றங்களில் அது குற்றப் பதிவாகவே நின்றுவிடும். பல வருஷம் கழித்து வேலைக்கோ விசாவுக்கோ போலீஸ் சான்றிதழ் எடுக்கும்போதுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது. அதை அழிக்க முடிகிற குற்றங்களுக்கும் பொதுவாக 10 வருஷம் காத்திருக்க வேண்டும். ஒரு ராத்திரி செல்லில் இருப்பது கஷ்டம்தான். அதற்காக இதில் கையெழுத்துப் போட வேண்டுமா என்பதை வக்கீலிடம் கேட்டபிறகு முடிவு செய்யுங்கள்.

வெஸ்ட்வில்லுக்கு மாத்திட்டாங்க. தண்டனையே கொடுக்கலையே, எப்படி ஜெயில்ல போடலாம்?

பெயில் கிடைக்காதவர்களையும் கட்ட முடியாதவர்களையும் கோர்ட் ரிமாண்டில் அனுப்புகிறது. டர்பன் பக்கத்து ஆண்கள் பெரும்பாலும் வெஸ்ட்வில் ஜெயிலின் மீடியம் ஏ பகுதிக்குப் போவார்கள். பெண்களுக்கு அங்கேயே தனிச் சிறை உண்டு. தண்டனை பெற்றவர்களிடமிருந்து இவர்களைப் பிரித்துத்தான் வைக்க வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டின் 111-ஆம் எண் சிறைச் சட்டம் சொல்கிறது. ரிமாண்டில் இருப்பவர்களுக்கு மஞ்சள் உடை, தண்டனை பெற்றவர்களுக்கு ஆரஞ்சு. கோர்ட்டுக்கு வரும்போது சொந்தத் துணி போட வேண்டும், ஆகவே துவைத்த சட்டையும் பேன்ட்டும் ஒரு செட் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பார்க்கப் போகணும். என்ன எடுத்துட்டுப் போகணும்? பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?

கிளம்பும் முன் ஜெயிலுக்கு ஃபோன் செய்து அவர் எந்தப் பகுதியில் இருக்கிறார், எந்தெந்த நாள் எத்தனை மணிக்குப் பார்வை நேரம், முன்பதிவு வேண்டுமா என்று கேளுங்கள். நாட்கள் பகுதிக்குப் பகுதி மாறும். கையில் அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ அசலாக இருக்க வேண்டும். அவருடைய கைதி எண் தெரிந்தால் வேலை சுலபம். பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்துப் போங்கள். மொபைல் உள்ளே போகாது. யார் காரிலாவது விட்டுவிட்டுப் போங்கள். மினிபஸ் டாக்ஸியில் போகிறவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நிம்மதி. துணி அடக்கமாக இருக்கட்டும்.

ரிமாண்டில் இருப்பவரைப் பெரும்பாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துத்தான் பார்க்க முடியும். தொட முடியாது. சின்னப் பிள்ளையை அழைத்துப் போகிறவர்கள் இதை வழியிலேயே சொல்லி வையுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்பா ஏன் கையை நீட்டவில்லை என்பது புரியாது. சட்டப்படி மாதத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் பார்வை கொடுத்தாக வேண்டும். நடைமுறையில் ரிமாண்டில் அதைவிட அதிகமே கிடைக்கும். ஒரே நாளில் ஏழு பேர் போய் நெருக்குவதைவிட, வாரம் ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் கும்பலாகப் போகும் சொந்தக்காரர்கள் மூன்றாவது மாதம் ஒருவரும் போவதில்லை. உள்ளே இருப்பவருக்கு அந்த மூன்றாவது மாதம்தான் கனம்.

உள்ளே காசு கொடுக்கலாமா? வேற என்ன கொடுக்கலாம்?

நேராகக் கையில் கொடுக்கக் கூடாது. ஜெயில் அலுவலகத்தில் அவர் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். அதிலிருந்து அவர் ஜெயில் கடையான டக்‌ஷாப்பில் சோப்பு, பிஸ்கட் வாங்கிக்கொள்வார். நிறையக் கட்டாதீர்கள். உள்ளே கும்பல்கள் உண்டு. 26, 27, 28 என்று எண்களால் அழைக்கப்படும் பழைய கும்பல்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காசு இருப்பவர் யார் என்பது அவர்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். புத்தகம் கொண்டுபோகலாமா என்று கேட்டுப் பாருங்கள். படிக்க ஏதாவது இருப்பது அரசியலமைப்பில் எழுதியிருக்கும் உரிமை. தேவாரமோ கந்த சஷ்டி கவசமோ சின்ன அட்டைப் புத்தகமாக இருந்தால் நல்லது.

அப்பாவுக்கு சர்க்கரை வியாதி. இன்சுலின் யார் கொடுப்பாங்க?

இதைக் கைதான அன்றைக்கே சொல்ல வேண்டும். சார்ஜ் ஆபீஸில் சொல்லிப் பதிவுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கோர்ட்டில் வக்கீல் வழியாக மாஜிஸ்ட்ரேட்டிடமும் சொல்ல வைத்தால், ரிமாண்ட் உத்தரவிலேயே வைத்தியம் பற்றி எழுதுவார்கள். ஜெயிலுக்குப் போனதும் டாக்டர் சீட்டின் நகலையும் கிளினிக் அட்டையையும் அங்குள்ள நர்ஸிடம் சேர்த்துவிடுங்கள். மருந்து பெரும்பாலும் அவர்களே கொடுப்பார்கள். வெளியிலிருந்து வரும் ஊசி மருந்தை லேசில் வாங்க மாட்டார்கள். சொந்த டாக்டரை வரவழைக்கவும் வழி உண்டு, ஜெயில் தலைமை அதிகாரியின் அனுமதியோடு, உங்கள் செலவில்.

சாயங்காலச் சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நடுவே 14 மணி நேரம்வரை இடைவெளி விடலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. இன்சுலின் போடுபவருக்கு அது ஆபத்து. "ராத்திரிக்கு ஏதாவது கொடுக்க வேண்டும்" என்று டாக்டர் கடிதத்தில் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

புரட்டாசி விரதம் இருக்கிறவர். உள்ளே சைவம் கிடைக்குமா?

மத வழக்கத்தை முடிந்தவரை கவனிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. உள்ளே வரும்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள். சுவையை எதிர்பார்க்காதீர்கள்.

உள்ளே இருந்து யாரோ ஃபோன் பண்ணி, "காசு அனுப்பலன்னா உங்க பையனை அடிப்போம்"னு சொல்றான். அனுப்பிடவா?

ஒரு தடவை அனுப்பினால் வாரா வாரம் வரும். உள்ளே மொபைலே தடை செய்யப்பட்டது, ஆகவே அந்த அழைப்பே சட்டவிரோதம். எண்ணையும் நேரத்தையும் குறித்து வைத்து ஜெயில் தலைமை அதிகாரியிடம் புகார் கொடுங்கள். பையனை வேறு செல்லுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அங்கே கேட்கவில்லை என்றால் ஜெயில்களைக் கண்காணிக்கும் நீதித்துறை மேற்பார்வை அலுவலகம் இருக்கிறது. அதன் பார்வையாளர்கள் ஜெயிலுக்குள்ளேயே வந்து கைதிகளின் புகாரைக் கேட்பார்கள். போலீஸ் அடித்ததாக இருந்தால் அது வேறு கதவு: போலீஸை விசாரிக்கும் தனி அமைப்பான இபிட்.

பையன் உண்மையில் உள்ளேதான் இருக்கிறானா, அடிபட்டிருக்கிறானா என்று முதலில் நேரில் போய்ப் பாருங்கள். வெறும் பயமுறுத்தலாகவும் இருக்கலாம்.

டாக்கெட்டை, அதான் போலீஸ் கேஸ் ஃபைலை, காணாம பண்ணிடறேன்னு ஒருத்தர் சொல்றார். செலவு ஆனாலும் பரவாயில்லை.

அவர் உங்களிடம் காசு வாங்கிக்கொண்டு காணாமல் போவார், டாக்கெட் அங்கேயே இருக்கும். உண்மையிலேயே செய்துவிட்டாலோ இன்னும் மோசம். 2004-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டப்படி கொடுப்பவரும் குற்றவாளி. ஒருவர் உள்ளே இருந்த இடத்தில் இருவர் இருக்க வேண்டி வரும். ரசீது இல்லாத எந்தக் காசும் வேண்டாம் என்பதுதான் என் நிலைப்பாடு, கேட்பவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி.

மருமக கொடுத்த புகார். இப்போ அவளே வாபஸ் வாங்கறேங்கிறா. நாங்க போய்ப் பேசி முடிச்சிடலாமா?

மெதுவாக. புகாரை வாபஸ் வாங்கினாலும் கேஸை நடத்துவதா விடுவதா என்று முடிவு செய்வது பிராசிக்யூட்டர்தான். மருமகளே விரும்பினால் அவளே தனியாகப் போய் பிராசிக்யூட்டரிடம் சொல்லட்டும். அவளை யாரும் அழைத்துப்போக வேண்டாம், மாமியார் பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். பெயில் நிபந்தனையில் "புகார்தாரரை நேரிலோ ஆள் மூலமோ தொடர்புகொள்ளக் கூடாது" என்று இருந்தால், நீங்கள் போய்ப் பேசுவதே மகனுடைய பெயிலை ரத்து செய்ய வைக்கும். அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று கோர்ட் போட்ட பாதுகாப்பு உத்தரவும் இருந்தால் அதை மீறுவது தனிக் குற்றம்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். "குடும்ப மானம்" என்று அவளைச் சுற்றி உட்கார்ந்து பேசும் கூட்டத்துக்கு நான் வர மாட்டேன். கேட்காதீர்கள்.

அண்ணனுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். விசாவும் முடிஞ்சிருச்சு. ஊருக்கு அனுப்பிடுவாங்களா?

மொழி பற்றி முதலில். தனக்குப் புரியும் மொழியில் விசாரணை நடக்க வேண்டும், இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது 35-ஆம் பிரிவிலேயே உள்ள உரிமை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் நாளே கோர்ட்டில் சொல்ல வேண்டும். ஏற்பாடு செய்ய நேரம் பிடிக்கும், வாய்தா தள்ளிப்போகலாம். அதற்குப் பயந்து "யெஸ் சார்" என்று தலையாட்டவிடாதீர்கள்.

விசா விஷயம்: குற்ற வழக்கு ஒன்று, குடியேற்றக் காவல் வேறொன்று. குடியேற்றச் சட்டத்தின் கீழ் பிடித்தாலும் 48 மணி நேரத்துக்குள் நேரில் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. நாடு கடத்துவதற்காக வைத்திருப்பவர்களில் பலரை க்ரூகர்ஸ்டார்ப் பக்கம் உள்ள லிண்டெலா மையத்துக்கு மாற்றுவார்கள். அங்கே போய்விட்டால் டர்பனிலிருந்து பார்ப்பது கஷ்டம். கைதான வெளிநாட்டவருக்குத் தன் நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்லியனுப்பக் கேட்கும் உரிமை உண்டு. இந்தியர் என்றால் டர்பனிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது. இலங்கையர் என்றால் பிரிட்டோரியாவில் உள்ள தூதரகம். தூதரகம் வக்கீல் வைத்து விடுவிக்காது; குடும்பத்துக்குத் தகவல் சொல்லும், பாஸ்போர்ட் காகிதங்களைப் பார்த்துக்கொள்ளும்.

என் மகனுக்குப் பதினாறு வயசுதான். பெரியவங்களோட போடுவாங்களா?

போடக் கூடாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2008-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது. பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும், நன்னடத்தை அதிகாரி பையனைப் பார்த்து மதிப்பிட வேண்டும், அப்புறம் முதற்கட்ட விசாரணை. பல கேஸ்கள் வழக்காகப் போகாமல் சீர்திருத்தத் திட்டத்தோடு முடியும். பெற்றோர் அந்த விசாரணைக்குக் கட்டாயம் போக வேண்டும். வேலைக்கு லீவு போடுங்கள். பிறப்புச் சான்றிதழை மறக்காதீர்கள். வளர்ந்த பையனைப் பார்த்தால் வயதை யாரும் நம்ப மாட்டார்கள்.

பார்க்கப் போகும்போது, உண்மையில என்னதான் நடந்ததுன்னு கேட்கலாமா?

வேண்டாம். வக்கீலிடம் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அண்ணனிடமும் அம்மாவிடமும் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நாளைக்கு உங்களையே சாட்சியாகக் கூப்பிடலாம். பக்கத்துக் கண்ணாடியில் நிற்பவருக்கும் காது உண்டு. பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், மழை பெய்ததா, வீட்டு வாடகை கட்டியாயிற்றா, இதையெல்லாம் பேசுங்கள்.

சொந்தக்காரங்ககிட்ட என்ன சொல்றது? வெளியே தலைகாட்ட முடியலை.

நம் ஊர்ப்பெண் தில்லையாடி வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள். 1913-இல் சத்தியாகிரகத்தில் கைதாகி மாரிட்ஸ்பர்க் ஜெயிலில் கடும் உழைப்புத் தண்டனை பெற்று, காய்ச்சலோடு வெளியே வந்து 1914-இல் இறந்தாள். அவள் படத்துக்கு மாலை போடுகிறோம். உங்கள் வீட்டுக் கேஸ் அது மாதிரி இல்லை என்று எனக்கும் தெரியும். திருட்டோ போதைப்பொருளோ தியாகம் ஆகிவிடாது. ஆனால் ஜெயிலில் இருக்கும் ஒருவரைப் போய்ப் பார்ப்பதற்கும் அவர் செய்ததைச் சரி என்று சொல்வதற்கும் சம்பந்தம் இல்லை. தெரிய வேண்டியவர்கள் மூன்று பேர்: முகவரி கொடுக்கப் போகிறவர், பிள்ளைகளின் டீச்சர், அவருடைய முதலாளி. மற்றவர்களுக்கு "கோர்ட்டில் இருக்கிறது" என்ற பதிலே போதும்.

ரெண்டு வருஷம் ஆகப்போகுது. வாய்தா மேல வாய்தா. கேஸே ஆரம்பிக்கலை.

ரிமாண்டில் இரண்டு வருஷம் முடிவதற்குள் ஜெயில் தலைமை அதிகாரி அந்தக் கேஸைக் கோர்ட்டுக்குத் திரும்ப அனுப்பி, இவரை இன்னும் வைத்திருக்க வேண்டுமா என்று முடிவு கேட்க வேண்டும். சிறைச் சட்டத்தின் 49ஜி பிரிவு இது. தானாக விடுதலை ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். மாஜிஸ்ட்ரேட் "இன்னும் இருக்கட்டும்" என்றும் சொல்லலாம். ஆனால் அன்றைக்கு வக்கீல் தயாராக இருந்தால் பெயில் விஷயத்தைத் திரும்பவும் எடுக்க அது நல்ல சமயம். முன்பு சொன்ன முகவரி, முதலாளி கடிதம் எல்லாம் பழசாகியிருக்கும், புதிதாக வாங்குங்கள். உள்ளே சேர்த்த தேதியிலிருந்து இருபத்திரண்டாவது மாதமே லீகல் எய்ட் வக்கீலுக்கும் ஜெயிலுக்கும் ஒரு கடிதம் எழுதிப் போட்டு, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.